போரில் பிடிபட்ட வெளிநாட்டவரின் சட்ட நிலையைக் கண்டறிவது எப்படி?

வேற்று நாட்டுப் படையில் சேர்ந்து பிடிபட்ட ஒருவரைப் பற்றி அவருடைய வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு காணொளிதான். அதில் அவர் சுவரோரம் உட்கார்ந்து தம் பெயரையும் ஊரையும் சொல்கிறார். கீழே "கூலிப்படையினர்" என்று ஒரு சொல் ஓடுகிறது. அந்தச் சொல்லைச் சட்டம் சொன்னதாக எடுத்துக்கொண்டு குடும்பம் இடிந்துபோகிறது, செய்தியாளர் அதையே தலைப்பாக்குகிறார், சில வழக்கறிஞர்கள்கூட அதிலிருந்தே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைச் சொன்னது பிடித்தவர். பிடிபட்டவரின் நிலையை முடிவுசெய்வது அவர் எந்த நாளில், எந்தப் படையின் பட்டியலில், எந்த வகைப் போரில் இருந்தார் என்பதே. இந்த மூன்றையும் ஆவணங்களிலிருந்து எப்படித் தேடி எடுப்பது, எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, ஆயுதமே ஏந்தாத அரசியல் காவல் கைதிக்கு இவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி ரஷ்ய–உக்ரைன் போரிலிருந்து வருகின்றன. அந்தப் போர் நம் பக்கத்திலிருந்து தொலைவில் இல்லை. வேலை என்று சொல்லி இந்தியர்களை ரஷ்யப் படைக்கு அனுப்பிய முகவர்கள்மீது 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை சோதனை நடத்திய ஊர்களில் சென்னையும் மதுரையும் இருந்தன. ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126 பேரைப் பற்றித் தகவல் உள்ளதாகவும், அவர்களில் 12 பேர் இறந்துவிட்டதாகவும், 16 பேரைக் காணவில்லை என்றும் 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. இலங்கையிலிருந்து ஓய்வுபெற்ற படைவீரர்கள் இரு தரப்பிலும் சேர்ந்தார்கள்.

முதலில் போரின் வகை

இரண்டு அரசுகளுக்கு இடையே நடக்கும் போரா, ஓர் அரசுக்கும் அதன் எல்லைக்குள் இருக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையே நடக்கும் போரா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். போர்க்கைதி என்ற நிலை முதல் வகையில் மட்டுமே உண்டு. இரண்டாவது வகையில் 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3ஆம் பிரிவுதான் அடிப்படைக் காவல்: கொலை, சித்திரவதை, பணயமாகப் பிடித்தல், முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டித்தல் ஆகியவற்றை அது தடுக்கிறது. ஆனால் ஆயுதம் ஏந்தியதற்காகவே ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதை அது தடுப்பதில்லை.

1936இல் தொடங்கிய ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இந்த வேறுபாட்டின் விலையைத் தொண்டர்கள் கொடுத்தார்கள். குடியரசுக்காகப் போரிடச் சென்ற பன்னாட்டுப் படைப்பிரிவினர் கிளர்ச்சித் தளபதி பிராங்கோவின் படையிடம் சிக்கியபோது, போர்க்கைதிகளுக்கான அன்றைய 1929ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுக்குப் பயன்படவில்லை. அது அரசுகளுக்கிடையிலான போருக்காக எழுதப்பட்டது. பிடிபட்ட வெளிநாட்டவரில் பலரை பூர்கோஸ் நகருக்கு அருகே சான் பெத்ரோ தெ கார்தேனியா என்ற பழைய மடாலயத்தில் அடைத்தார்கள். நாகபுரியைச் சேர்ந்த கோபால் முகுந்த் ஹுத்தார் 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் போரிட்டு, 1938இல் பிடிபட்டு அங்கே இருந்தார். அதே ஆண்டு விடுதலையானார். அவர் வெளியே வந்தது பேச்சுவார்த்தையின் பலன். எந்தச் சட்ட உரிமையும் அவரை வெளியே கொண்டுவரவில்லை.

எந்தப் படையின் பட்டியலில் இருந்தார்?

அரசுகளுக்கிடையிலான போர்தான் என்று உறுதியானால், அடுத்துத் திறக்க வேண்டியது போர்க்கைதிகளுக்கான மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு. போரிடும் நாட்டின் ஆயுதப் படையைச் சேர்ந்தவர்களும், அந்தப் படையின் பகுதியாக இயங்கும் தொண்டர் படையினரும் பிடிபட்டால் போர்க்கைதிகள் என்று அது சொல்கிறது. குடியுரிமையைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இல்லை. படைக்கு வெளியே தனியாக இயங்கும் குழுவாக இருந்தால் நான்கு நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்: பொறுப்பேற்கும் தலைமை, தூரத்திலிருந்தே தெரியும் நிலையான அடையாளம், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துதல், போர் விதிகளைப் பின்பற்றுதல்.

இன்னும் பழைய விதி ஒன்று உண்டு. வழக்கறிஞர்கள் இதை ஏனோ அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை. 1907ஆம் ஆண்டின் ஐந்தாம் ஹேக் ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவின்படி, நடுநிலை நாட்டுக் குடிமகன் ஒருவர் தாமாகவே ஒரு தரப்பின் படையில் சேர்ந்தால், நடுநிலையாளர் என்ற காப்பை இழக்கிறார். ஆனால் அதே செயலுக்காக அந்தத் தரப்பின் சொந்தக் குடிமகனை எப்படி நடத்தலாமோ அதைவிடக் கடுமையாக அவரை நடத்தக் கூடாது. வெளிநாட்டுத் தொண்டரின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறில்லை என்பது என் கருத்து. வெளிநாட்டவர் என்பதற்காகச் சலுகையும் இல்லை, அதற்காகக் கூடுதல் தண்டனையும் இல்லை.

ஆகவே தேட வேண்டிய முதல் ஆவணம் படைச் சேர்க்கை ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்ட மறுதரப்பு யார் என்று பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகமா, படைப்பிரிவின் தளபதியா, தனியார் நிறுவனமா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். ஒப்பந்தம் ரஷ்ய மொழியிலோ உக்ரைனிய மொழியிலோ இருக்கும். முகவர் வாய்மொழியாகச் சொன்னது 'உதவியாளர் வேலை' என்று இருந்திருக்கலாம். கைப்பேசியில் எடுத்து அனுப்பிய மங்கலான படமாக இருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள்; முதல் பக்கத்தில் ஒப்பந்தத் தரப்பும், கடைசிப் பக்கத்தில் முத்திரையும் தேதியும் தெரிந்தால் போதும். அத்துடன் படை அடையாள அட்டை, கழுத்தில் அணியும் தகட்டின் எண், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் விவரம், சீருடையில் எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். ஏமாற்றப்பட்டுச் சேர்ந்தவர் என்பது உண்மையாக இருந்தாலும், பிடித்தவரிடம் அவர் படைவீரர் அல்ல என்று வாதாடுவது ஆபத்தானது. போர்க்கைதி நிலைதான் அவருக்கு இருக்கும் மிக வலுவான கவசம். ஆள்கடத்தலுக்கு ஆளானவர் என்ற வாதத்தை அவர் திரும்பிவந்த பிறகு நம் நாட்டில், முகவர்மீதான வழக்கில் வைக்க வேண்டும்.

'கூலிப்படை' என்ற சொல்லைச் சோதிப்பது

ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, 47ஆம் பிரிவில், கூலிப்படையினருக்கு ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. அந்தப் போருக்கென்றே ஆளெடுக்கப்பட்டிருக்க வேண்டும். நேரடியாகச் சண்டையில் ஈடுபட்டிருக்க வேண்டும். முதன்மையான நோக்கம் சொந்த ஆதாயமாகவும், தருவதாகச் சொன்ன ஊதியம் அதே தரத்திலுள்ள அந்நாட்டு வீரரின் ஊதியத்தைவிட மிக அதிகமாகவும் இருக்க வேண்டும். போரிடும் நாட்டின் குடிமகனாகவோ அந்நாட்டின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. அந்நாட்டுப் படையின் உறுப்பினராக இருக்கக் கூடாது. வேறொரு நாடு அதிகாரபூர்வமாக அனுப்பிய படைவீரராகவும் இருக்கக் கூடாது. இந்த ஆறும் ஒருங்கே பொருந்தினால்தான் ஒருவர் கூலிப்படையினர். ஒன்று தவறினாலும் அந்தப் பெயர் நிற்காது.

நடைமுறையில் ஐந்தாவது அடையாளத்திலேயே பெரும்பாலான குற்றச்சாட்டுகள் உடைந்துவிடும். 2022 ஏப்ரலில் மரியுபோலில் பிடிபட்ட ஏய்டன் ஆஸ்லின், ஷான் பின்னர் என்ற இரு பிரித்தானியர்களும், அவர்களுடன் விசாரிக்கப்பட்ட மொரோக்கோ இளைஞர் பிராஹிம் சாதூனும் உக்ரைன் படையில் ஒப்பந்த வீரர்கள். ஆஸ்லின் 2018 முதல் அங்கேயே வாழ்ந்தவர். கிழக்கு உக்ரைனின் தொனெத்ஸ்கில் ரஷ்ய ஆதரவோடு தன்னைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்ட நிர்வாகத்தின் நீதிமன்றம், சில நாட்களே நீடித்த விசாரணைக்குப் பிறகு, 2022 ஜூன் 9 அன்று மூவருக்கும் கூலிப்படைக் குற்றத்தின் பெயரால் மரண தண்டனை விதித்தது. படைப்பட்டியலில் பெயர் உள்ளவரை 47ஆம் பிரிவு தொடவே முடியாது என்ற ஒரே வாதம் அந்த வழக்கை முடித்திருக்க வேண்டும். செப்டம்பர் 21 அன்று சவூதி அரேபியாவின் நடுநிலையில் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் வெளிநாட்டவர் பத்துப் பேர் ரியாத் வழியாக விடுதலையானார்கள். மூவரும் அவர்களில் அடக்கம்.

ஊதிய அடையாளத்தைச் சோதிக்க, அதே படையில் அதே தரத்தில் உள்ளூர் வீரருக்குக் கிடைத்த ஊதியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது பெரும் தொகையாகத் தெரியலாம். சட்டம் கேட்பது அந்த ஒப்பீட்டை அல்ல. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வீட்டு வாசலில் ஒலிவாங்கியை நீட்டும்போது "கடனை அடைக்கத்தான் போனான், லட்சக்கணக்கில் தருவதாகச் சொன்னார்கள்" என்று பெற்றோர் சொல்வது இயல்பு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஆதாய நோக்கத்துக்குச் சான்றாக எதிர்த்தரப்பின் கோப்பில் போய்ச் சேரலாம்.

இந்தியாவும் இலங்கையும் 1977ஆம் ஆண்டின் முதல் நெறிமுறையில் சேரவில்லை என்பதால் குழம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது பிடித்த நாடும், அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்த நாடும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையே. ரஷ்யா, உக்ரைன் இரண்டும் சேர்ந்தவை. இன்னொன்று: கூலிப்படையினர் என்று முறையாகவே முடிவானாலும் அவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. போர்க்கைதி நிலையைத்தான் இழக்கிறார். அதே நெறிமுறையின் 75ஆம் பிரிவு தரும் நியாயமான விசாரணையும் மனிதத்தன்மையான நடத்துதலும் அவருக்கும் உரியவை. 1976இல் லுவாண்டாவில் அங்கோலா அரசு 13 வெளிநாட்டவரை விசாரித்து நால்வரைச் சுட்டுக் கொன்றபோது இந்தப் பிரிவுகள் ஏற்கப்பட்டிருக்கவில்லை. அவை அடுத்த ஆண்டுதான் வந்தன.

ஐயம் இருந்தால் யார் முடிவு செய்வது?

மூன்றாம் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு தெளிவானது: ஐயம் இருக்கும்வரை அவர் போர்க்கைதியாகவே நடத்தப்பட வேண்டும், தகுதியுள்ள தீர்ப்பாயம் ஒன்றே ஐயத்தைத் தீர்க்க வேண்டும். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை இத்தகைய விசாரணைகளை ஆயிரத்துக்கும் மேல் நடத்தியது. அதே நாடு 2002இல் தாலிபான் படையினர் யாரும் போர்க்கைதிகள் அல்லர் என்று ஒட்டுமொத்தமாக அறிவித்துக் குவாண்டானாமோ சிறையை நிரப்பியது. செலவோ தெரியாமையோ அதற்குக் காரணம் அல்ல என்பதற்கு 1991 சாட்சி.

முதல் நெறிமுறையின் 45ஆம் பிரிவு குடும்பத்துக்கு ஒரு வழியைத் திறக்கிறது. பிடிபட்டவர் தாமே போர்க்கைதி நிலையைக் கோரினாலும், அவர் சார்ந்த நாடு அவருக்காக அறிவிப்பு அனுப்பினாலும், அவர் போர்க்கைதி என்றே முதலில் கொள்ளப்பட வேண்டும். எனவே நம் தூதரகத்துக்கு மனு எழுதுவதோடு நிறுத்தாமல், அவர் எந்தப் படையில் இருந்தாரோ அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், "இன்ன எண்ணுள்ள வீரர் எங்கள் படையைச் சேர்ந்தவர் என்று எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அறிவியுங்கள்" என்று கேட்டு எழுதுங்கள். பலர் இந்தக் கடிதத்தை எழுதுவதே இல்லை.

ஓர் அட்டையும் ஒரு பெயரும்

பிடிபட்டவர் முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், தம் குடும்பத்துக்கும் ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைக் குழுவின் மையத் தேடல் முகமைக்கும் ஓர் அட்டை எழுத அனுமதிக்கப்பட வேண்டும் என்று மூன்றாம் ஒப்பந்தத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. அதன் மாதிரியை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே பார்க்கலாம்: 15 சென்டிமீட்டர் நீளம், 10.5 சென்டிமீட்டர் அகலம். அவர் சார்ந்த நாடு, பெயர், தந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படைத்தரம், படை எண், உறவினர் முகவரி, பிடிபட்ட நாள், உடல்நிலை போன்றவற்றுக்கு மட்டுமே அதில் இடம். உடல்நிலைக்கு 'நலம்' முதல் 'கடுங்காயம்' வரை சொற்கள் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாததை அடிக்க வேண்டும், வேறெதுவும் எழுதக் கூடாது.

தமிழர்களுக்குச் சிக்கல் வருவது இந்த அட்டையின் பெயர், தந்தை பெயர் வரிகளில். முருகேசன் மகன் செல்வம் என்பவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வம்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முருகேசன், இயற்பெயர் செல்வம்; ரஷ்ய முறையில் தந்தை பெயருக்குத் தனி இடம் உண்டு என்பதால் படை ஆவணத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். எழுத்துமாற்றத்தில் 'ஹ' ஒலி 'க' ஆகிவிடுவதும் உண்டு. ஹரிஹரன் கரிகரன் ஆகிவிட்டால் எந்தப் பட்டியலிலும் கிடைக்கமாட்டார். ஆகவே தேடல் விண்ணப்பத்தில் எல்லா எழுத்துவடிவங்களையும், தாத்தாவின் பெயர் உட்பட, பாஸ்போர்ட் எண்ணோடும் பிறந்த தேதியோடும் கொடுங்கள். பிறந்த தேதி ஒன்றே எல்லா மொழியிலும் மாறாமல் இருக்கும்.

விண்ணப்பத்தைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவிடம் நேரடியாகவோ, இந்திய, இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கங்களின் குடும்பத் தொடர்பு மீட்புப் பிரிவு வழியாகவோ கொடுக்கலாம், கட்டணம் இல்லை. 2022 முதல் ரஷ்ய–உக்ரைன் போருக்கென மையத் தேடல் முகமையில் தனிப் பணியகமும் உள்ளது. 126ஆம் பிரிவு எல்லா முகாம்களையும் பார்வையிடும் உரிமையை அந்தக் குழுவுக்கு அளித்தாலும், கதவு எல்லா இடத்திலும் திறப்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காணொளி வந்தால் அதைப் பகிராமல், வந்த முகவரியையும் நேரத்தையும் குறித்துச் சேமித்து வையுங்கள். போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. முகத்தைக் காட்டிப் பேட்டி எடுப்பது அதன் மீறல். செய்தியாளர்களுக்கும் இது பொருந்தும். 17ஆம் பிரிவின்படி பெயர், தரம், பிறந்த தேதி, படை எண் தவிர வேறெதையும் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்பதால், காணொளியில் சொன்ன ஒப்புதல்களுக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டியதில்லை.

வழக்குத் தொடுத்துவிட்டால்

போர்க்கைதியைப் போரிட்டதற்காகத் தண்டிக்க முடியாது. போர்க்குற்றம் செய்தார் என்றால் தண்டிக்கலாம். அப்போதும் பிடித்த நாட்டின் சொந்த வீரரை எந்த நீதிமன்றம் எந்த முறையில் விசாரிக்குமோ அதே நீதிமன்றம் அதே முறையில் விசாரிக்க வேண்டும் என்பது 102ஆம் பிரிவு. வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், சாட்சிகளை அழைக்கும் உரிமை 105இல் உள்ளன. மரண தண்டனை விதித்தால், கைதியின் தரப்பு நலனைக் கவனிக்கும் நடுநிலை நாடான காப்பு நாட்டுக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை நிறைவேற்றக் கூடாது. குற்றப்பத்திரிகையின் நகல் கிடைத்ததும் அதில் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டையும் இரண்டாகப் பிரியுங்கள்: போரிட்டதையே குற்றமாக்கும் பிரிவுகள் ஒரு பக்கம், குறிப்பிட்ட கொடுஞ்செயலைச் சொல்லும் பிரிவுகள் மறுபக்கம். முதல் பக்கத்துக்கு எதிர்வாதம் ஒன்றே, அது போர்க்கைதி நிலை. இரண்டாவது பக்கத்துக்குத்தான் நாள், இடம், சாட்சி என்று தனித்தனியே உழைக்க வேண்டும்.

ஆயுதம் ஏந்தாதவர்: அரசியல் காவல் கைதி

மருந்து கொண்டுபோனவர், செய்தி சேகரித்தவர், ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பேசியவர் ஆகியோரைப் போர்க்கைதி என்று வாதாடுவது தவறு. அது அவர்கள் போரிட்டதை ஒப்புக்கொள்வதாக முடியும். அவர்களுக்கு உரியது பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம். 2022 ஜூலையில் தொனெத்ஸ்கில் காவலில் இறந்த பிரித்தானிய உதவிப் பணியாளர் ஒருவரையும் பிடித்தவர்கள் கூலிப்படையினர் என்றே அழைத்தார்கள்.

'அரசியல் கைதி' என்ற சொல் போர்ச் சட்டத்தில் ஒரு வகையாகவே இல்லை. எனவே அவரைச் சட்டம் அறிந்த பெட்டிகளில் ஒன்றில் வைத்தாக வேண்டும்: பாதுகாப்புக் காரணம் சொல்லி விசாரணையின்றி அடைக்கப்பட்டவரா, குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்படுபவரா, பரிமாற்றத்துக்காகப் பிடித்து வைத்த பணயமா? முதலாவது என்றால், போரிடும் நாட்டின் சொந்த மண்ணில் 42, 43ஆம் பிரிவுகளும் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் 78ஆம் பிரிவும் பொருந்தும். 43இன்படி நீதிமன்றமோ நிர்வாகக் குழுவோ ஆண்டுக்கு இருமுறையாவது காவலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 78இல் மேல்முறையீட்டு உரிமையும், இயன்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனையும் உண்டு. பிடித்த நாளிலிருந்து இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஒவ்வொரு தேதிக்கும் முன்பே எழுத்தில் கோருங்கள். பதில் வராதபோது அந்தக் கடிதங்களே பிற்காலச் சான்று. மூன்றாவது பெட்டியைப் பற்றி விவாதமே தேவையில்லை. பணயம் பிடிப்பது எந்த நிலையிலும் தடை.

இடமும் குடியுரிமையும் இங்கே முக்கியம். நடுநிலை நாட்டுக் குடிமகன் போரிடும் நாட்டின் சொந்த மண்ணில் பிடிபட்டு, அவருடைய நாட்டுக்கு அங்கே தூதரகமும் இருந்தால், நான்காம் ஒப்பந்தத்தின் காப்பு அவருக்குக் கிடைக்காது. தூதரகம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் கருதுகிறது. அப்போது 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவைக் காட்டித் தூதரக அணுகலைக் கேட்க வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் பிடிபட்டால் அதே ஆளுக்கு முழுக் காப்பும் உண்டு. ரஷ்யா ஆக்கிரமித்த கிரிமியாவில் பிடித்தவர்களை ரஷ்யச் சிறைகளுக்குக் கொண்டுபோவது நான்காம் ஒப்பந்தத்தின் 76ஆம் பிரிவை மீறுகிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்த காப்புக்குரிய மக்களை அந்தப் பகுதியிலேயே காவலில் வைக்க வேண்டும். கிரிமியத் தாத்தார் தலைவர் நரிமான் ஜெல்யால் 2021 செப்டம்பரில் பிடிபட்டு 17 ஆண்டுத் தண்டனை பெற்று, சைபீரியா வரை கொண்டுசெல்லப்பட்டு, 2024 ஜூனில் பரிமாற்றத்தில் விடுதலையானார்.

சொந்த அரசே சொந்தக் குடிமக்களை அடைத்தால் ஜெனீவா ஒப்பந்தங்கள் பெரிதும் உதவா. அங்கே உள்நாட்டு நீதிமன்றமும் ஆள்கொணர்வு மனுவும்தான் வழி. 1943இல் கேசவ் தல்படே வழக்கில், விசாரணையின்றி அடைக்கப் பயன்பட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26ஆவது விதி செல்லாது என்று பிரித்தானிய இந்தியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. சில நாட்களிலேயே அரசு அவசரச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. வென்ற பிறகும் அடுத்த மனுவைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அந்த வழக்கைப் படித்த எந்த வழக்கறிஞரும் சொல்வார். இவற்றோடு, ஐக்கிய நாடுகள் சபையின் தன்னிச்சையான காவல் பற்றிய பணிக்குழுவுக்கும் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு வழிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை.

திரும்பி வரும்போது

சண்டை நின்றதும் போர்க்கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மூன்றாம் ஒப்பந்தத்தின் 118ஆம் பிரிவு. வெளிநாட்டுத் தொண்டரை எங்கே அனுப்புவது, அவர் போரிட்ட நாட்டுக்கா, பிறந்த நாட்டுக்கா? கொரியப் போருக்குப் பின் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைக் கவனிக்க 1953இல் அமைந்த நடுநிலை ஆணையத்துக்கு இந்தியத் தளபதி திம்மையா தலைமை வகித்தார். அவர்களில் 88 பேர் இந்தியப் படையோடு கப்பலில் இங்கேயே வந்துவிட்டார்கள். கைதியின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வலுப்பட்டது. எனவே பரிமாற்றப் பேச்சு தொடங்கியது தெரிந்தவுடன், எந்த நாட்டுக்குத் திரும்ப விரும்புகிறார் என்பதைச் செஞ்சிலுவைக் கடிதத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்க முயலுங்கள். மாதத்துக்கு இரண்டு கடிதமும் நான்கு அட்டையுமாவது எழுத 71ஆம் பிரிவு இடம் தருகிறது.

வந்திறங்கும் நாளில் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 153ஆம் பிரிவும் காத்திருக்கலாம். இந்தியாவோடு சமாதானத்தில் உள்ள நாட்டுக்கு எதிராகப் போரிடுவதை அது குற்றமாக்குகிறது. விமான நிலையத்தில் தனியாக வாக்குமூலம் கொடுக்காமல் வழக்கறிஞரோடு போகட்டும். முகவருக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, வேலை என்று வந்த வாட்ஸ்அப் செய்திகள், விமானச் சீட்டு, விசாவின் வகை ஆகியவற்றை அதுவரை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் தனிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்க வேண்டியது இப்போதுதான். செஞ்சிலுவையில் கொடுத்த தேடல் விண்ணப்பத்தையும் மறக்காமல் முடித்து வைக்கும்படி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிட்டவர் அந்தப் பட்டியலில் காணாமல் போனவராகவே தொடர்வார்.